இயற்கைக் காயா, உள்ளூர்க் காயா?

கேள்வி: வீட்டில் நான்கு பேர், அதில் இரண்டு சிறு குழந்தைகள். காய்கறிக்கு மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் முடியாது. ஆர்கானிக் கடையில் வாங்கினால் பாதி மாதத்திலேயே பணம் தீர்ந்துவிடுகிறது. உழவர் சந்தைக் காய் மருந்து அடித்தது என்று மாமியார் பயப்படுகிறார். எதை விடுவது?
– வாசகி, ஈரோடு

பதில்: எதையும் விட வேண்டாம், காயைப் பிரித்துக்கொள்ளுங்கள். மாமியார் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. பக்கத்து ஊரில் விளைந்தது என்பதாலேயே மருந்து படாத காய் ஆகிவிடாது. அதேபோல, ஆர்கானிக் முத்திரை இருந்தாலும் நான்கு நாள் குளிர்பெட்டியில் கிடந்த கீரை வாடிய கீரைதான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பறிக்கிறார்கள் என்று பாருங்கள். வெண்டை ஒன்றுவிட்ட நாள் பறிப்பு. கத்தரியும் மிளகாயும் அடிக்கடி பறிபடுபவை. பூச்சிமருந்து அடித்தால், அதன் சீட்டில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடிந்த பிறகே பறிக்க வேண்டும். வெண்டையை அத்தனை நாள் விட்டால் முற்றிப்போகும், யாரும் வாங்கமாட்டார்கள். காய்ப்புழு விழும் கத்தரியிலோ, ஒரு பக்கம் தெளிப்பும் மறுபக்கம் பறிப்பும் சேர்ந்தே நடக்கும். கணக்கு தப்புவது இங்கேதான்.

ஆகவே வெண்டை, கத்தரி, பச்சை மிளகாய், காலிஃபிளவர், கொத்தமல்லி, புதினா ஆகியவற்றுக்கு மட்டும் 800 ரூபாய் வரை ஒதுக்கி, நம்பகமான இயற்கை விளைச்சலாக வாங்குங்கள். கறிவேப்பிலைக்குச் செலவே வேண்டாம், தொட்டியில் ஒரு கன்று போதும். சேனை, சேம்பு, பூசணி, வாழைக்காய், வாழைத்தண்டு, தேங்காய் போன்றவற்றைத் தோலோ மட்டையோ நீக்கித்தான் சமைக்கிறோம். அவற்றுக்கு ஆர்கானிக் விலை கொடுப்பது வீண். மீதிப் பணத்தோடு உழவர் சந்தைக்குப் போங்கள்.

1999இல் மதுரையில் தொடங்கிய இந்தச் சந்தை முறையில் விற்பவரிடம் விவசாயி அடையாள அட்டை இருக்கும், அன்றைய விலை பலகையில் இருக்கும். சமவெளித் தோட்டத்துக்காரர் என்று சொல்பவரின் கடையில் மலைக் காயான கேரட்டோடு பீட்ரூட், முருங்கை, நூக்கல் எல்லாம் குவிந்திருந்தால், அது அவர் தோட்டத்துக் காய்தானா என்று கேளுங்கள். இரண்டு மூன்று காய் மட்டும் வைத்திருப்பவரைப் பிடித்துக்கொண்டால், கடைசியாக எப்போது மருந்து அடித்தார் என்று கூசாமல் கேட்கலாம். கீரையானால், எந்தத் தண்ணீர் பாய்கிறது என்பதையும் கேளுங்கள். சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்தால் மருந்தே படாத கீரையும் ஆகாது.

கேள்வி: 'இயற்கை' என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

பதில்: எழுத்தை நம்ப வேண்டாம். பொட்டலத்தில் இயற்கை விளைபொருளுக்கான அரசு முத்திரையும் உணவு உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். சான்று இரண்டு வகை. ஒன்று, சான்றளிக்கும் நிறுவனம் வயலுக்கு வந்து சோதித்துத் தருவது. மற்றது பி.ஜி.எஸ். என்ற விவசாயிகள் குழுச் சான்று. 'பி.ஜி.எஸ். கிரீன்' என்றிருந்தால் நிலம் இயற்கை முறைக்கு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது, முழு இயற்கை அல்ல. நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்குச் சான்று கட்டாயமில்லை. அதனால் முத்திரை இல்லாதவர் எல்லாம் ஏமாற்றுக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: உப்புத் தண்ணீரில் கழுவினால் மருந்து போய்விடுமா?

பதில்: மேலே படிந்தது ஓரளவு போகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் உப்பு அல்லது 20 கிராம் புளி கரைத்து, 10 முதல் 15 நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். காலிஃபிளவரைப் பூப்பூவாகப் பிரித்து ஊறவையுங்கள். மற்றக் காய்களை நறுக்கும் முன்பே கழுவிவிட வேண்டும். ஊடுருவிப் பாயும் மருந்துகள் சதைக்குள்ளேயே இருப்பதால் எந்தத் தண்ணீருக்கும் வராது. மஞ்சள் போட்ட வெந்நீர் புழுவை வெளியேற்றத்தான், மருந்தை எடுக்க அல்ல. திராட்சை மேல் சீராகப் படர்ந்திருக்கும் மெல்லிய வெண்பூச்சு பழத்தின் சொந்த மெழுகு. சொட்டுச் சொட்டாக வெள்ளையோ நீலமோ திட்டு தெரிந்தால் அது தெளித்த மருந்தாக இருக்கலாம்.