223 றைபிள் மானுக்குக் காணுமா? எத்தனை மீற்றர் வரை?

கேள்வி: மகன் மெல்பேர்ணில் இருக்கிறான். துவக்கு லைசென்சும் மான் வேட்டைக்கான கேம் லைசென்சும் எடுத்துவிட்டான். 223 றைபிள் ஒன்று வாங்கப் பார்க்கிறான். ரவை மலிவு, தோளில் உதைக்காது, 300 மீற்றருக்கும் நேராகப் போகும் என்று கூட்டாளிமார் சொல்கிறார்களாம். எங்கட காலத்தில் 12 போர்த் துவக்கில் எஸ்.ஜி. (பெரிய ஈயக் குண்டுகள் உள்ள தோட்டா) போட்டு மரையே விழுந்தது. இந்தச் சின்ன ரவை மானுக்குக் காணுமா? எத்தனை மீற்றர் வரை நம்பலாம்? (ஒட்டுசுட்டான் வாசகர்)

பதில்: ஐயா, முதலில் மகனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். காசு கட்டாமல் இருக்கச் சொல்லுங்கள். மெல்பேர்ண் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் மான் வேட்டைக்கு 223 சட்டப்படியே செல்லாது. அங்கே புள்ளிமான், ஃபாலோ மான், ஹொக் மான் மூன்றுக்கும் றைபிளின் ஆகக்குறைந்த அளவு 243. (இந்த எண் ஏறக்குறைய குழலின் உள்விட்டம்: 243 என்றால் 0.243 அங்குலம்.) குண்டு 80 கிறெயினுக்குக் குறையக் கூடாது. மரைக்கும் சிவப்பு மானுக்கும் ரூசா மானுக்கும் 270, குண்டு 130 கிறெயின். (ஒரு கிறெயின் 0.065 கிராம்.) கேம் லைசென்சோடு வரும் விதிப் புத்தகத்தில் இது இருக்கும், வாங்குமுன் அந்த ஆண்டுப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். 223 முயலுக்கும் நரிக்கும் நல்ல றைபிள். கூட்டாளிமார் பெரும்பாலும் அந்தப் பழக்கத்தில்தான் பேசியிருப்பார்கள்.

சட்டம் ஏன் அப்படி வகுக்கப்பட்டது என்பது விளங்கினால் மகன் மனம் மாறுவான். ஊர் எஸ்.ஜி.யில் இருந்தே தொடங்கலாம். ஒரு எஸ்.ஜி. குண்டின் நிறை ஏறக்குறைய 3.5 கிராம். 223இல் வழமையாக வரும் 55 கிறெயின் குண்டும் 3.56 கிராம்தான். அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் ஒன்பது குண்டில் ஒன்றை எடுத்து, மெல்லியதாய் நீட்டி, இரண்டரை மடங்கு வேகத்தில் விடுவதுதான் 223. அதன் பலம் முழுக்க வேகத்திலேயே இருக்கிறது. தூரம் கூடக்கூட முதலில் கரைவதும் அந்த வேகம்தான்.

கணக்கைப் பாருங்கள். 55 கிறெயின் குண்டு 60 சென்ரிமீற்றர் குழலில் இருந்து வினாடிக்கு 990 மீற்றர் அளவில் புறப்படுகிறது. சக்தி சுமார் 1,740 ஜூல். 100 மீற்றரில் அது 1,200 ஜூல் ஆகிறது. 200இல் 820. 300இல் 540க்கும் கீழே. குழல் 45 சென்ரிமீற்றராக இருந்தால் புறப்படும்போதே வினாடிக்கு 40 மீற்றர் அளவு குறைந்துவிடும். இனி 243ஐ எடுங்கள்: 100 கிறெயின் குண்டு 2,600 ஜூலுக்கு மேல் புறப்பட்டு, 300 மீற்றரிலும் 1,400 ஜூல் அளவு வைத்திருக்கிறது. 223 நூறு மீற்றரில் கொண்டுபோவதைவிட 243 முந்நூறில் கொண்டுபோவது கூட. விலையில் சேமிக்கும் காசு இதற்கு ஈடாகாது.

"நேராகப் போகும்" என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. 100 மீற்றருக்குக் குறி சரிசெய்த 223, 200இல் 10 சென்ரிமீற்றர்தான் தாழும். 300இல் 40 சென்ரிமீற்றருக்கு மேல் தாழும். தாழ்வைக் கணக்குப் பார்த்து உயர்த்திப் பிடிக்கலாம். காற்றை அப்படிப் பிடிக்க முடியாது. மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, இலைகளும் சின்னக் கொப்புகளும் விடாமல் ஆடும் அளவுக் காற்று, இந்தக் குண்டை 100 மீற்றரில் 4, 200இல் 16, 300இல் 40 சென்ரிமீற்றர் தள்ளும். புள்ளிமானின் நெஞ்சில், ஒரே வெடியில் விழுத்தக்கூடிய இடம் 15 முதல் 18 சென்ரிமீற்றர் அகலம்தான். நடுவில் பிடித்தாலும் விளிம்புக்கு 8 அல்லது 9 சென்ரிமீற்றர்தான் இருக்கிறது. 200 மீற்றரில் அந்தக் காற்றைக் கவனிக்காமல் விட்டால் குண்டு வயிற்றில் படும். வயிற்றில் பட்ட மான் மணிக்கணக்கில், சிலவேளை நாள் கடந்தும், பற்றைக்குள் கிடந்து சாகும். இதைத் தவிர்ப்பதற்காகத்தான் இவ்வளவு கணக்கும்.

223க்கு அனுமதி உள்ள இடங்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் டெக்சாசில் செல்லும். ஸ்கொட்லாந்தில் சிறிய ரோ மானுக்குச் செல்லும். ஆகக்குறைந்தது 50 கிறெயின் குண்டு, வினாடிக்கு 2,450 அடி வேகம், குழல் வாயில் 1,000 அடி-இறாத்தல் (சுமார் 1,356 ஜூல்) சக்தி என்ற நிபந்தனைகளோடு. நோர்வேயில் ரோ மானுக்கு 100 மீற்றரில் 980 ஜூல் இருந்தால் போதும், அதையும் 223 எட்டும். ஆனால் கனடாவின் அல்பேர்ட்டாவில் பெருவிலங்குக்கு 23 கலிபருக்கு (0.23 அங்குலம்) குறைந்தது எதுவும் ஆகாது, 223 அதற்குக் கீழே. அமெரிக்காவின் கொலராடோவில் 24. ரோ மான் 20 முதல் 30 கிலோ நிறையுள்ள மெல்லிய விலங்கு என்பதை மறக்கக் கூடாது. நம்முடைய புள்ளிமான் கலை (ஆண் மான்) அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். இன்னொரு சங்கதி: டெக்சாசில் ஆக்சிஸ் மான் என்று அவர்கள் வேட்டையாடுவது நம் புள்ளிமானைத்தான், 1930களில் அங்கே கொண்டுபோய் விடப்பட்டு, இன்று பெருகிக் கிடக்கிறது.

அப்படி அனுமதி உள்ள இடத்தில் யாராவது உறவினர் 223 வைத்திருந்தால் எங்கள் அளவு இது. 100 மீற்றருக்குள், பக்கவாட்டில் அசையாமல் நிற்கும் சிறிய மான், சரியான குண்டு: செய்யலாம். 150 மீற்றர் கடைசி எல்லை, அதுவும் காற்றில்லாத நேரம், தாங்கலில் வைத்துச் சுடும்போது. 200இல் சுட வேண்டாம். கடதாசியில் 200இல் நல்லாய்ப் படுகிறதே என்று கேட்பார்கள். கடதாசிக்கு விலா எலும்பு இல்லை, அது அடி எடுத்து வைப்பதும் இல்லை. முன்னால் இருந்தோ, பின்னால் இருந்தோ, சாய்ந்த கோணத்திலோ 223 எந்தத் தூரத்திலும் வேண்டாம். தோள் எலும்பையும் தசையையும் தாண்டி நெஞ்சுக்குள் போக நிறை போதாது. 22 என்று பொதுவாகச் சொல்லும் சின்னத் துவக்கு இதில் சேர்த்தியே இல்லை. அதன் சக்தி குழல் வாயிலேயே 190 ஜூல் அளவுதான், மானுக்கு எந்தத் தூரத்திலும் ஆகாது.

"சரியான குண்டு" என்றதை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பிழைப்பது இங்கேதான். கடையில் 223 பெட்டிகள் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது மூன்று சாதி. முழுக்கச் செம்புறை போட்ட இராணுவ வகை, விரியாமல் துளைத்துப் போகும் அல்லது உள்ளே புரண்டு திசைமாறும். பல நாடுகளில் வேட்டைக்குத் தடை. இரண்டாவது, பிளாஸ்டிக் முனை வைத்த மெல்லுறைக் குண்டு. இது நரி, முயலுக்குச் செய்தது. தொட்டவுடன் சிதற வேண்டும் என்றே உறையை மெல்லிசாக்கியிருக்கிறார்கள். மானின் தோளில் பட்டால் மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கோரமான காயம் இருக்கும், விலாவுக்குள் ஒன்றும் போயிருக்காது. மான் ஓடிவிடும். மூன்றாவதுதான் மானுக்கு: 60 கிறெயினுக்கு மேற்பட்ட, ஈயமும் உறையும் ஒட்டிப் பிணைந்த மென்முனைக் குண்டு, அல்லது முழுச் செம்புக் குண்டு. பெட்டியில் "டியர்" என்றோ "பிக் கேம்" என்றோ இருக்கிறதா பாருங்கள். "வார்மின்ட்" என்று இருந்தால் திருப்பி வையுங்கள். இந்த வகைக் குண்டுகள் விரிய வினாடிக்கு 550 முதல் 600 மீற்றர் வேகம் வேண்டும். 300 மீற்றரில் 55 கிறெயின் குண்டின் வேகம் 550க்குச் சற்றுக் கீழே. விரியாமல் ஊசிபோல் துளைத்துப் போய்விடும்.

குழலின் முறுக்கும் பொருந்த வேண்டும். குழலுக்குள் வெட்டிய வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகின்றன என்பதைக் குழலிலேயே பொறித்திருப்பார்கள். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 55 கிறெயின் வரைதான் நம்பலாம். 9 என்றால் 70 கிறெயின் அளவு வரை. 7 அல்லது 8 என்றால் அதைவிட நீண்ட குண்டும் போகும். உண்மையில் கணக்கு நிறையில் இல்லை, குண்டின் நீளத்தில். செம்பு ஈயத்தைவிட இலேசு என்பதால் அதே நிறையில் செம்புக் குண்டு நீளமாய் இருக்கும், வேகமான முறுக்குக் கேட்கும். பொருந்தாவிட்டால் எப்படித் தெரியும்? 50 மீற்றரில் கடதாசியைப் பாருங்கள். துளை வட்டமாக, விளிம்பில் கறுப்பு வளையத்தோடு இருந்தால் நல்லது. முட்டை வடிவிலோ, சாவித்துவாரம் மாதிரியோ இருந்தால் குண்டு பறக்கும்போதே புரள்கிறது. அந்த ரவையை அந்த றைபிளில் திரும்பப் போடக் கூடாது.

கூடவே ஒரு எச்சரிக்கை. 5.56 என்று அடையாளமிட்ட இராணுவ ரவை பார்வைக்கு 223 போலவே இருக்கும், உள்ளேயும் போகும். 223 என்று மட்டும் பொறித்த றைபிளில் அதைச் சுட்டால் அழுத்தம் எல்லை தாண்டலாம்.

இனி மகன் வாங்க வேண்டியது. ஃபாலோ மானோடும் புள்ளிமானோடும் நிற்கப்போகிறான் என்றால் 243, 95 அல்லது 100 கிறெயின் மென்முனைக் குண்டு. விக்டோரியாவில் புள்ளிமான் மிகக் குறைவு, அது பெருகியிருப்பது குயின்ஸ்லாந்தில். விக்டோரியா மலைக்காட்டில் பெரும்பாலும் எதிர்ப்படுவது மரைதான். மரைக் கலை 200 கிலோவைத் தாண்டும். தோலே தடிப்பு, பற்றையும் அடர்த்தி. அதற்கு 243ஐக் கொண்டுபோனால் சட்டத்தையும் மீறுவான், விலங்கும் வதைபடும். ஆகவே ஒரே றைபிள்தான் வாங்க முடியும் என்றால் 270 அல்லது 308, 150 கிறெயின் அளவுக் குண்டு. உதைப்புப் பயம் என்றால் நல்ல இறப்பர்த் தோளணை போடலாம். இவையெல்லாம் பி வகை லைசென்ஸ். ஏ வகையில் றைபிள் என்றால் 22 போன்றவை மட்டும்தான். மகன் எடுத்திருப்பது எது என்று கேளுங்கள்.

குறி சரிசெய்வது ஒரு காலை வேலை. முதலில் ஸ்கோப் வளையங்களின் ஆணிகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். "றைபிள் பிழை" என்ற முறைப்பாடுகளில் நிறைய இங்கே முடியும். பிறகு மணல்மூட்டையில் வைத்து 25 மீற்றரில் இரண்டு மூன்று வெடி. கடதாசியில் பட்டதும் 100 மீற்றருக்குப் போய் மூன்று மூன்றாகச் சுட்டு, மூன்றின் நடுவைப் பார்த்துத் திருத்த வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் ஸ்கோப்பைத் திருகினால் நாள் முழுக்கத் துரத்திக்கொண்டே இருப்பான். பெரும்பாலான ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 மீற்றரில் 7 மில்லிமீற்றர். நடுப்புள்ளியில் இருந்து நாலு கிளிக் உயர்த்தினால் 3 சென்ரிமீற்றர் உயரும். அப்படி வைத்த 243, 150இல் கிட்டத்தட்ட நடுவிலும், 200இல் 5 சென்ரிமீற்றர் கீழேயும் படும். குழல் ஆறிய பிறகு முதல் வெடி எங்கே படுகிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும், காட்டில் சுடுவது அந்த வெடியைத்தான். பெட்டியின் பெயரையோ குண்டின் நிறையையோ மாற்றினால் முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டும்.

மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே ஏறி, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் வைக்க வேண்டும். இரண்டு சுவாசப்பையும் போகும். அப்படிப் பட்ட மானும் 50, 100 மீற்றர் ஓடும். வெடி படவில்லை என்று நினைத்து உடனே பின்னால் ஓடக் கூடாது. நின்ற இடத்தையும் கடைசியாய்க் கண்ட இடத்தையும் அடையாளம் வைத்து இருபது நிமிடம் இருக்க வேண்டும். இரத்தம் வெளிர்சிவப்பாய் நுரையோடு இருந்தால் சுவாசப்பை, கிட்டத்தான் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். பச்சை நிறமும் சாண மணமும் இருந்தால் வயிறு. இன்னும் பல மணித்தியாலம் பொறுத்து, ஆள் சேர்த்துத் தேட வேண்டும். சின்னக் குண்டின் இன்னொரு கெடுதி இங்கே தெரியும்: மறுபக்கம் வெளியேறாமல் உள்ளே நின்றால் நிலத்தில் இரத்தமே விழாது, தடம் பிடிக்க முடியாது.

இறைச்சி வெட்டும்போது காயத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு எறிந்துவிட வேண்டும். ஈயத் துகள் கண்ணுக்குத் தெரியாமல் பரந்திருக்கும். சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடும் வீடு என்றால் செம்புக் குண்டுதான் நல்லது.

ஊர்ப் பழக்கத்தில் ஒன்று மகனிடம் ஒட்டியிருந்தால் விடச் சொல்லுங்கள். வன்னியில் முன்பு ரோர்ச் அடித்துக் குளக்கரையில் 30 மீற்றருக்குள் சுட்டார்கள், எஸ்.ஜி. வேலை செய்ததும் அந்தத் தூரத்தில்தான். விக்டோரியாவின் அரச காடுகளில் இரவில் வெளிச்சம் அடித்து மான் வேட்டையாடுவது குற்றம். றைபிள், லைசென்ஸ் இரண்டும் போகும்.

இங்கே இலங்கையில் நிலைமையே வேறு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் புள்ளிமானும் மரையும் பாதுகாக்கப்பட்டவை. எந்தத் துவக்காலும், எந்தத் தூரத்திலும் சுட முடியாது. பயிர்ப் பாதுகாப்புக்கு மாவட்டச் செயலகம் ஊடாகக் கிடைக்கும் துவக்கு அனுமதி மானைச் சுடுவதற்கான அனுமதி ஆகாது. மான் பயிரை மேய்கிறது என்றால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவித்து வேலியைப் பார்க்க வேண்டும். கட்டுத்துவக்கு (கம்பியில் தட்டினால் தானே வெடிப்பது) வைக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் தடுத்துவிடுங்கள். அது மானையும் மாட்டையும் விறகுக்குப் போகும் ஆளையும் பிரித்துப் பார்க்காது.

மகன் லீவில் வரும்போது வேட்டைக்குக் கொண்டுபோன பையிலேயே உடுப்பு அடுக்கிக்கொண்டு வரக் கூடாது. பக்கப் பைக்குள் மறந்து கிடக்கும் ஒரு ரவை கட்டுநாயக்காவில் ஸ்கானரில் தெரிந்தால், பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இல்லாமல் வெடிபொருள் கொண்டுவந்த வழக்கு. வெற்றுக் கோதும் வேண்டாம். வேறு பை எடுக்கச் சொல்லுங்கள்.