சித்திரம் நன்றாக வரும், ஏ.எல். முடித்துவிட்டேன். கொழும்பில் கேம் ஆர்டிஸ்ட் வேலையை நம்பி இறங்கலாமா?

கேட்டவர் கூடவே "வீட்டில் சிமா (கணக்கியல் தொழில்முறைப் படிப்பு) படிக்கச் சொல்கிறார்கள்" என்றும் எழுதியிருக்கிறார். வெள்ளவத்தையில் இந்தப் பேச்சு எழாத வீடு குறைவு.

நான் கொழும்பில் இருந்தபடி வெளிநாட்டு மொபைல் கேம்களுக்கு மொடலும் அனிமேஷனும் செய்கிறேன். இறங்கலாம். ஆனால் சித்திரம் நன்றாக வரும் என்பதை மட்டும் நம்பி வேண்டாம். நாம் செய்வது வடிவாக இருந்தால் காணாது, மலிவான போனிலும் சிக்காமல் ஓட வேண்டும்.

ஒரு ரேஸிங் கேமுக்கு ஓட்டோ கேட்கிறார்கள் என்று வைப்போம். கூரைத் துணியின் தையல், லைட்டைச் சுற்றிய ரப்பர், ஆணித்தலைகள் என்று எல்லாவற்றையும் முதலில் லட்சக்கணக்கான பொலிகனில், அதாவது மொடலின் மேற்பரப்பை ஆக்கும் சின்னச் சின்னத் தட்டைத் துண்டுகளில், செதுக்குவோம். அதை அப்படியே உள்ளே போட்டால் போன் படுத்துவிடும். அதனால் சில ஆயிரம் முக்கோணங்களில் அதே ஓட்டோவைத் திரும்பக் கட்டி, செதுக்கியதன் மேடு பள்ளங்களை நோர்மல் மேப் என்ற படமாக எடுத்து அதன்மேல் போர்த்துவோம். வெளிச்சம் விழும்போது தையல் புடைத்துத் தெரியும், உண்மையில் அந்த இடம் வெறும் தட்டை. தூரத்தில் போகும் ஓட்டோவுக்கு இன்னும் மெலிந்த ஒரு மொடல். நாளின் பெரும்பகுதி இப்படித்தான் போகும். உண்மையைச் சொன்னால், அலுப்பான வேலை.

அனிமேஷன் பக்கம் எனக்கு இன்னும் பிடிக்கும். கார்ட்டூன் படத்தில் வாள் வீசுகிறவன் முதலில் கையை நன்றாகப் பின்னுக்கு இழுத்து ஓங்குவான். அடியின் கனமே அந்த ஓங்கலில்தான் இருக்கிறது. கேமில் அதற்கு 12 ஃபிரேம் கொடுத்துப் பாருங்கள். செக்கனுக்கு 30 ஃபிரேமில் ஓடும் கேம் என்றால் அது 0.4 செக்கன். பட்டனை அழுத்தியாயிற்று, வாள் இன்னும் இறங்கவில்லை. "லேக் அடிக்குது" என்று ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போவார்கள். ஆகவே வீரனுக்கு ஓங்கலை இரண்டு மூன்று ஃபிரேமில் முடித்துவிட்டு, கனத்தை அடி விழுந்த பிறகு உடம்பு போகிற போக்கில் காட்டுவோம். எதிரிக்கு நேர்மாறு. அரக்கன் ஆறுதலாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓங்க வேண்டும், இல்லாவிட்டால் விலகித் தப்ப நேரம் கிடைக்காது. வடிவாகச் செய்ததை டிசைனர் வந்து பாதியாக வெட்டச் சொல்லும்போது கோபம் வரும். வெட்டித்தான் ஆக வேண்டும்.

படிப்பைப் பொறுத்தவரை, சான்றிதழுக்கு முன் போர்ட்ஃபோலியோவைத்தான், அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பைத்தான், திறந்து பார்ப்பார்கள். மொடலும் அனிமேஷனும் செய்யும் பிளெண்டர் மென்பொருள் இலவசம், அதில் தொடங்குங்கள். பெரிய ஸ்டூடியோக்களில் மாயா என்ற மென்பொருள்தான் அதிகம், ஆனால் ஒன்று கைக்கு வந்துவிட்டால் மற்றது சீக்கிரம் பிடிபடும். 16 ஜிபி ரேமும் சுமாரான கிராஃபிக்ஸ் கார்டும் தொடக்கத்துக்குக் காணும். முடிந்தால் லேப்டொப்பாக வாங்குங்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

காசு விஷயம். சொந்தமாகக் கேம் செய்யும் ஸ்டூடியோக்களை இங்கே விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் வெளியில் இருந்து வரும் வேலை. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை ஏறியபோது டொலரில் சம்பளம் வாங்கியவர்கள் தலை தப்பியது. ஆனால் 2024 ஜனவரியில் மைக்ரோசொஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை நிறுத்தியதையும் பார்த்தோம். அங்கே ஒரு ப்ரொஜெக்ட் நின்றால் இங்கே நமக்கு வருவது ஒரு வரி மெயில்தான். அப்புறம், கலிஃபோர்னியாக்காரருக்குக் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 9.30 அல்லது 10.30. மீட்டிங் எப்போது நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வீட்டில் சொல்வது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். சிமாவைப் பகுதி நேரமாகவும் படிக்கலாம், பலர் வேலை செய்துகொண்டே முடிக்கிறார்கள். சண்டை பிடிக்காமல் ஒரு வருடம் தவணை கேளுங்கள்.

அந்த வருடத்துக்குள் போர்ட்ஃபோலியோவுக்கு ஒரு சாமானும் ஒரு ஆளும் செய்யுங்கள். சாமான் உங்கள் ஒழுங்கையில் நிற்கும் எதுவாகவும் இருக்கலாம், டிராகன் வேண்டாம், எல்லோரிடமும் டிராகன் இருக்கிறது. ஆள் நிற்க, நடக்க, ஓட, அடிக்கத் தெரிந்தவனாக இருக்கட்டும். இரண்டையும் யூனிட்டி, கோடோ போன்ற கேம் கட்டும் மென்பொருள் ஒன்றில் போட்டு, கீபோர்டால் ஓட்டிக் காட்டி ரெகோர்ட் செய்யுங்கள். நடக்கும்போது பாதம் தரையில் வழுக்குகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். வயர்ஃப்ரேமையும், அதாவது மொடலின் கோட்டு வலையையும், காட்டுங்கள், ஒளிக்க ஒன்றுமில்லை என்று தெரியும். வீடியோ ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஆர்ட் டெஸ்ட் என்று ஒரு நாள் வேலை கேட்டால் செய்து கொடுங்கள். ஒரு கிழமை வேலையைச் சும்மா கேட்டால், எவ்வளவு தருவீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.