மூன்று மாதத்தில் அகன்ற தோள்

கேள்வி: ஜிம்மில் யாரோ சொன்னார்களாம், என் 17 வயது மகன் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்கிறான். மூன்று மாதத்தில் தோள் அகன்றுவிட்டது, முதுகெல்லாம் பரு. பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், தாராவி, மும்பை

பதில்: பயம் நியாயம்தான் அம்மா. பரு வெளியே தெரிகிற அடையாளம், உள்ளே நடப்பதுதான் பெரிது. தசை வளர்க்கப் போடும் இந்த ஸ்டீராய்டு ஆண் ஹார்மோன் போன்றது, அது வெளியிலிருந்து ஏறிக்கொண்டே இருந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துவிடும், விரை சுருங்கும், சிலருக்கு மார்பு வீங்கும், இதயத் தசை தடிக்கும், வளர்கிற வயது என்பதால் எலும்பு நுனிகள் முன்னதாகவே மூடி உயரமும் நின்றுபோகலாம். 1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடா ஓட்டக்காரர் பென் ஜான்சனின் தங்கம் பறிபோனதும் ஸ்டீராய்டால்தான். சரி, திட்டாதீர்கள், திட்டினால் உங்களுக்குத் தெரியாமல் ஊசி போட்டுக்கொள்வான். அந்த மருந்துக் குப்பியோடு சயான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நிறுத்தியதும் சில வாரம் சோர்ந்து கிடப்பான், அப்போது கூடவே இருங்கள்.