கடலடியில் பேய் தேடுகிறவருக்கு

கேள்வி: முதல் உலகப் போரில் ஜெர்மனியின் யூபி-65 நீர்மூழ்கிக் கப்பலில், செத்துப்போன அதிகாரியின் பேய் நடமாடியதாக ஒரு வீடியோவில் பார்த்தேன். கூட இருந்த மாலுமிகளே சொன்னதாமே! இந்த மாதிரி சுவையான விஷயங்களை உங்கள் பத்திரிகை ஏன் தொடுவதே இல்லை?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தொட்டால் கையோடு வந்துவிடுகிறது, அதனால்தான்.

கதை உங்களுக்குத் தெரியும்; மற்றவர்களுக்காக நாலு வரி. டார்பிடோ (நீருக்குள் பாய்ந்து தாக்கும் குண்டு) ஏற்றும்போது வெடித்து இரண்டாம் அதிகாரி இறந்துபோகிறார். அப்புறம் அவர் கைகட்டியபடி கப்பலின் முகப்பில் நிற்பதைப் பலர் பார்க்கிறார்கள். 1918 ஜூலை 10 அன்று அயர்லாந்துக்கு அருகே, அமெரிக்க நீர்மூழ்கி எல்-2 பார்த்துக்கொண்டிருக்கும்போதே யூபி-65 வெடித்துச் சிதறுகிறது. அப்போதும் முகப்பில் அதே உருவம். நன்றாகத்தான் ஜோடித்திருக்கிறார்கள். ஆனால் 2004-ல் கப்பலின் சிதைவு கிடைத்தது இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அப்பால், பாட்ஸ்டோ பக்கம். வெடித்ததாகச் சொன்ன இடம் ஒன்று, கப்பல் கிடக்கிற இடம் வேறு. உள்ளே இருந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கதை பரவியதோ போர் முடிந்து பல வருடம் கழித்து, ஆங்கிலப் புத்தகங்கள் வழியாக. மாலுமிகளே சொன்னார்கள் என்கிறீர்களே, எந்த மாலுமி ஐயா?

நிஜ மாலுமி சொன்னது வேண்டுமானால் யோகான்னஸ் ஸ்பீஸைக் கேளுங்கள். அதே போரில் ஜெர்மனியின் யூ-9 நீர்மூழ்கியில் வாட்ச் அதிகாரியாக (முறைவைத்துக் கப்பலைக் கவனிப்பவராக) இருந்தவர். தன் படுக்கையைப் பற்றி அவர் எழுதியதை ஒரு தடவை படித்தால் போதும், பேயெல்லாம் மறந்துவிடும். மல்லாந்து படுக்க இடமில்லை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் துணி அலமாரி, நடுவில் ஒருக்களித்துச் செருகிக்கொள்ள வேண்டும். கப்பல் ஆடும்போது உருளாமல் இருக்க அந்த நெருக்கடியே துணை. தலைமாட்டை மாற்றிப் படுக்கலாம் என்றால் அங்கே மின்சார ஃப்யூஸ் பெட்டி. அதன் மூடி சில நேரம் தானாகத் திறந்துகொள்ளும். கால் பட்டால் ஷார்ட் சர்க்யூட். மேலே இரும்புத் தகட்டில் மூச்சுக்காற்றின் ஈரம் கோத்து, தூங்குகிறவன் முகத்தில் சொட்டும். அதற்காக முகத்தை மழைக்கோட்டால் மூடிக்கொண்டு தூங்கினார்களாம்.

இப்படித் தூங்கி எழுந்தவர்கள்தான் 1914 செப்டம்பர் 22 காலையில், சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்தார்கள். 1,400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். (அன்று இரவுதான் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டது. எம்டன் நீர்மூழ்கி இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டு மாதம் ஒரு கடிதமாவது வருகிறது.)

பிரிட்டிஷ்காரர்கள் பக்கமும் குறைச்சலில்லை. அவர்களுடைய முதல் நீர்மூழ்கி ஹாலண்ட்-1, 1901-ல் கடலில் இறங்கியது. ஓடியது பெட்ரோல் எஞ்சினில். மூடிய இரும்புக் கூட்டுக்குள் பெட்ரோல் ஆவி என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை; 1905-ல் ஏ-5 என்ற இன்னொரு பிரிட்டிஷ் நீர்மூழ்கி அப்படித்தான் வெடித்தது. ஆகவே ஹாலண்டில் வெள்ளை எலிகளையும் கூடவே ஏற்றிக்கொண்டார்கள். நச்சுக்காற்று சேர்ந்தால் எலிதான் முதலில் சுருண்டு விழும். சம்பளம் வாங்காத சிப்பந்தி!

அப்புறம் கழிப்பறை. கடலின் அழுத்தத்தை எதிர்த்துக் கழிவை வெளியே தள்ள வேண்டும். அதற்கு வால்வுகளை வரிசை தவறாமல் திறந்து மூட வேண்டும். ஒன்று மாறினால் போனதெல்லாம் முகத்துக்கே திரும்பி வரும். தலைமுறை தலைமுறையாகப் புதுப் பையன்களுக்குச் சொல்லிச் சிரித்த கதை இது.

உங்களுக்குப் பிடித்த திகிலுக்கு நெருக்கமாக ஒன்று வேண்டுமா? கடற்கொள்ளையரின் மண்டையோட்டுக் கொடி இருக்கிறது. நீர்மூழ்கி ஆட்களைக் கடற்கொள்ளையரைப் போலத் தூக்கில் போட வேண்டும் என்று பிரிட்டிஷ் அட்மிரல் ஆர்தர் வில்சன் சொன்னதாக ஒரு பேச்சு அவர்கள் கடற்படையில் உலவியது. 1914 செப்டம்பரில் இ-9 என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கியின் தலைவர் மேக்ஸ் ஹார்ட்டன், ஹேலா என்ற ஜெர்மன் போர்க்கப்பலை மூழ்கடித்துவிட்டு, அதே மண்டையோட்டுக் கொடியைப் பறக்கவிட்டுக்கொண்டு ஹார்விச் துறைமுகத்துக்குள் வந்தார். திட்டியவருக்கு வாயால் பதில் சொல்லவில்லை, துணியால் சொன்னார்! இரண்டாம் உலகப் போரில் அது வழக்கமே ஆகிவிட்டது. மூழ்கடித்த சரக்குக் கப்பலுக்கு ஒரு வெள்ளைக் கோடு, போர்க்கப்பலுக்குச் சிவப்பு, ரகசியமாக ஆள் இறக்கிய பயணத்துக்குக் கத்தி. ஒவ்வொரு கப்பலும் தன் கதையைத் தானே தைத்து வைத்துக்கொண்டது. இங்கிலாந்தில் கோஸ்போர்ட் அருங்காட்சியகத்தில் அந்தக் கொடிகள் இருக்கின்றன. கடலடியிலிருந்து 1982-ல் தூக்கிய ஹாலண்ட்-1 கூட அங்கேதான் நிற்கிறது.

கொடிகளைப் பற்றிப் படத்தோடு ஒரு கட்டுரை போடலாம் என்று ஆசிரியர் குழுவில் பேச்சு நடக்கிறது. யூபி-65 மட்டும் வராது.