பெர்த்துக்கு வரும் பொன்மலைத் தம்பிக்கு

"அண்ணே, பொன்மலை ரயில்வே பணிமனையில் ஆறு வருஷமாக ஆல்கோ கம்பெனி டீசல் இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறேன். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் சரக்கு ரயில் பணிமனையில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே இஎம்டி என்ற வேறு கம்பெனியின் இன்ஜின்தானாமே, சமாளிக்க முடியுமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

முடியும் தம்பி. நானும் பொன்மலையில் கை பழகிவிட்டு இங்கே பெர்த்துக்கு வந்தவன்தான். ஆனால் ஆல்கோ நினைப்பிலேயே இஎம்டியைத் தொடாதீர்கள். நம் ஆல்கோ 251 நான்கு ஸ்ட்ரோக், பிஸ்டன் இரண்டு முறை ஏறி இறங்கினால் ஒரு முறை எரிபொருள் எரியும். இஎம்டி 645, 710 இரண்டும் இரண்டு ஸ்ட்ரோக், ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் எரியும். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டில் இருக்கும் நான்கு வால்வும் எக்ஸாஸ்ட்தான், புகையை வெளியேற்றுபவை. காற்று, சிலிண்டரின் உள்குழாயான லைனரில் உள்ள துளைகள் வழியாக வரும். அதில் ஒரு பெரிய வசதி உண்டு. லைனரைச் சுற்றியுள்ள காற்றுப் பெட்டியான ஏர் பாக்ஸின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால், அந்தத் துளை வழியாகவே பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் பார்த்துவிடலாம், ஹெட்டைத் தூக்க வேண்டாம்.

ஹெட், லைனர், பிஸ்டன், கனெக்டிங் ராட் எல்லாம் சேர்ந்த பவர் அசெம்பிளியை மொத்தமாக இறக்கி மாற்றுவார்கள். மாற்றியதும் பிஸ்டன் தலையில் ஈயக் கம்பி வைத்து, கிராங்க் ஷாஃப்டை ஒரு சுற்று சுற்றி, நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் அளப்பார்கள். இதற்கு லெட் ரீடிங் என்று பேர். அந்த எண்ணைப் பத்திரமாக எழுதி வையுங்கள். பின்னால் அளக்கும்போது பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி கூடியிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். அந்த பேரிங்கில் வெள்ளிப் பூச்சு இருக்கும். துத்தநாகம் கலந்த எண்ணெய் வெள்ளியை அரிக்கும் என்பதால், இந்த இன்ஜின்களுக்குத் துத்தநாகம் இல்லாத எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். எண்ணெய்ப் பரிசோதனைத் தாளில் வெள்ளி ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள்.

கிராங்க் ஷாஃப்ட் இருக்கும் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் பிரஷர் ஏறி இன்ஜின் தானாக நின்றுபோனால், இரண்டு மணி நேரமாவது ஆறவிடாமல் எந்த மூடியையும் திறக்காதீர்கள். சூடான எண்ணெய் ஆவியில் வெளிக்காற்று கலந்தால் வெடிக்கும்.

சரி, வேலை செய்யும் முறைக்கு வருகிறேன். உங்களைக் கஷ்டப்படுத்தப்போவது இதுதான். பொன்மலையில் ஒரு வேலைக்கு ஃபிட்டர், ஹெல்பர், கிரேன்காரர் என்று ஆள் நிற்பார்கள். இங்கே இரண்டு பேர்தான். சங்கிலி கட்டிச் சுமை தூக்கவும், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டவும் தனித்தனி லைசென்ஸ் வேண்டும். இன்ஜினைத் தொடும் முன், வேறு யாரும் ஸ்டார்ட் செய்துவிடாதபடி உங்கள் பேர் போட்ட பூட்டை நீங்களே மாட்ட வேண்டும், சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்க வேண்டும். நம்பகமான ஆள் சொன்னாலும் அந்தச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வந்த முதல் வருஷம், ஏர் பாக்ஸுக்குள் லைனர் ஓரமாக மெல்லிய நீர்க்கோடு ஒன்றைப் பார்த்தேன். கூட இருந்தவர் முப்பது வருஷ அனுபவசாலி, அவருக்குத் தெரியாததா என்று வாயைத் திறக்கவில்லை. இரவெல்லாம் நின்ற இன்ஜினை மறுநாள், சிலிண்டரின் சோதனைத் திறப்பான டெஸ்ட் காக்கைத் திறந்து, கிராங்க் ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீர் வருகிறதா என்று பார்க்காமலே ஸ்டார்ட் செய்தார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. கனெக்டிங் ராட் வளைந்துபோனது. என்னை யாரும் திட்டவில்லை. "பார்த்தாயா, ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார்கள். பெரியவர் முன்னால் பேசக்கூடாது என்று வளர்ந்த எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கே ஃபோர்மேனையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். உங்கள் ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, பார்த்ததைச் சொல்லிவிடுங்கள், எழுதியும் வையுங்கள்.

கோடை வெயில் திருச்சியைப் போலத்தான், ஆனால் காற்று வறண்டது. தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கட்டும். வடக்கே பில்பரா சுரங்கப் பகுதியின் இரும்புத் தாது ரயில் வேலைக்குப் போனால் விமானத்தில் போய் வாரக்கணக்கில் கேம்ப்பில் தங்க வேண்டியிருக்கும். சம்பளம் கூடுதல்தான். ஆனால் வீட்டில் கைக்குழந்தை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், முதல் இரண்டு வருஷம் பெர்த்திலேயே இருங்கள்.

அப்புறம், கிளம்புவதற்கு முன் எந்த இன்ஜினில், எந்தப் பிரிவில், எத்தனை வருஷம் வேலை பார்த்தீர்கள் என்று விவரமாக ஒரு அனுபவச் சான்றிதழை அலுவலக முத்திரையோடு கையில் வாங்கிவிடுங்கள். நான் வாங்காமல் வந்துவிட்டு, அந்த ஒரு தாளுக்காக அப்பாவை எட்டு மாதம் அலையவிட்டேன்.