மூணாவது படிக்கிற பிள்ளைய ராத்திரி ரெண்டரை மணி டூர் பஸ்ல அனுப்பலாமா?

கேள்வி: சார், எம்பொண்ணு விழுப்புரம் பக்கத்துல ஒரு பிரைவேட் ஸ்கூல்ல மூணாவது படிக்கிறா. அடுத்த மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை கல்விச் சுற்றுலான்னு காலைல வண்டலூர் ஜூ, மத்தியானம் தண்ணி விளையாட்டு இருக்கிற தீம் பார்க்குன்னு கூட்டிட்டுப் போறாங்க. ஆளுக்கு 1,650 ரூபா. ராத்திரி 2.30க்கு ஸ்கூல் வாசல்ல விடணுமாம், திரும்பி வர நடுராத்திரி ஆகுமாம். வழியில எது நடந்தாலும் பள்ளி பொறுப்பில்லன்னு ஒரு ஃபார்ம்ல கையெழுத்தும் கேக்கறாங்க. கூட படிக்கிற பிள்ளைங்க எல்லாம் போகுது, இவ மட்டும் போகலன்னா அழுவா. இவங்க அப்பா வேணாம்னு நிக்கிறார். அனுப்பலாமா?

பதில்: இந்த ரூபத்துல அனுப்பாதீங்கம்மா. டூரே வேணாம்னு சொல்ற ஆள் இல்ல நான், 31 வருஷம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள்ல வாத்தியாராவும் ஹெச்.எம்.மாவும் இருந்து வருஷம் ஒரு தடவையாவது பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போனவன், இப்பவும் நாலஞ்சு ஸ்கூலுக்கு டூர் ப்ளான் போட்டுக் குடுக்கிறேன், வகுப்புல வாயே தொறக்காத பிள்ளை வெளிய போனா நூறு கேள்வி கேக்கறத பாத்தவன். அதனாலதான் சொல்றேன், நீங்க எழுதியிருக்கிறது பிள்ளைங்களுக்காக போட்ட டூர் இல்ல, ஏஜென்ட் கொண்டு வந்து குடுத்த பேக்கேஜ்.

எப்படி சொல்றேன்னா, செவ்வாய்க்கிழமை வண்டலூர் ஜூவுக்கு வார லீவு. பண்டிகை சமயத்துல சில வருஷம் திறப்பாங்க, அத விடுங்க. சாதாரண செவ்வாய்க்கிழமைன்னா கேட் மூடியிருக்கும். இது கூட பாக்காம தேதி போட்டிருக்காங்கன்னா அந்த ப்ளான ஒரு டீச்சர் உக்காந்து போடல. ஏஜென்டுக்கு எந்த நாள்ல பஸ் சும்மா நிக்குதோ, எந்த நாள்ல பார்க்குல கூட்டம் கம்மியோ அந்த நாள்ல போட்டிருக்கான். வாசல்ல போயி நின்னதும் ஐயோ லீவாம், சரி நேரா பார்க்குக்கே போலாம்னு சொல்லிடுவாங்க, பிள்ளைங்களும் கை தட்டும். ஜூங்கிறது ஃபார்ம்ல கல்வின்னு எழுதறதுக்காக வெச்ச பேரு, அவ்வளவுதான்.

இந்த ஏஜென்ட் விஷயத்த பெத்தவங்க நல்லா தெரிஞ்சுக்கணும். அவன் ஸ்கூலுக்கு வந்து இத்தன பிள்ளைக்கு ஒரு டீச்சர் ஃப்ரீ, சாப்பாடு என் பொறுப்பு, தலைக்கு இவ்வளவு ஸ்கூலுக்குன்னு பேசுவான். எங்கிட்டயே வந்து பேசியிருக்கானுங்க, கவர்மென்ட் ஸ்கூல்ல கூட. நீங்க குடுக்கிற 1,650ல பார்க் டிக்கெட் எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவுன்னு பிரிச்சு எழுதிக் குடுங்கன்னு கேளுங்க, நேர்மையா போட்ட டூருன்னா ரெண்டே நிமிஷத்துல குடுத்துடுவாங்க. தலைக்கு இவ்வளவுன்னு பங்கு போனப்புறம் மிச்சம் பிடிக்கிறது எங்கன்னா பஸ்ல, டிரைவர்ல. போட்டோவுல ஒரு பஸ்ஸ காட்டுவான், ராத்திரி வந்து நிக்கிறது வேற பஸ்ஸா இருக்கும், கேட்டா அந்த வண்டி ரிப்பேர்ம்பான். அந்த நேரத்துல தூக்கக் கலக்கத்துல இருக்கிற 80 பிள்ளைய வெச்சுக்கிட்டு எந்த ஹெச்.எம். இந்த பஸ் வேணாம்னு சொல்வாங்க?

அடுத்தது நேரம். விழுப்புரத்துலருந்து வண்டலூர் சுமாரா 130 கிலோமீட்டர், ஜிஎஸ்டி ரோட்டுல மூணு மணி நேரம் தாராளம். காலைல 5.30க்கு கிளம்பினா திண்டிவனம் தாண்டி எங்கயாவது இட்லி சாப்பிட்டுட்டு 9 மணிக்கு போயிடலாம். அப்புறம் எதுக்கு ரெண்டரை? ஒரே நாள்ல ரெண்டு எடம் மூணு எடம்னு நோட்டீஸ்ல காட்டறதுக்குத்தான். டிரைவர் பக்கம் யோசிச்சு பாருங்க, ரெண்டரைக்கு வண்டி எடுக்கணும்னா அவர் ஒரு மணிக்கு எழுந்திருக்கணும், திரும்பி கொண்டு வந்து விடறது அன்னிக்கு நடுராத்திரி. டிரைவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலைன்னு 1961லயே சட்டம் போட்டாச்சு. நடுவுல அவர் பார்க்கிங்ல வெயில்ல பஸ்ஸுக்குள்ள படுத்திருப்பார், அதுக்கு பேரு தூக்கமா?

2022 அக்டோபர்ல கேரளாவுல வடக்கஞ்சேரியில நடந்தது ஞாபகம் இருக்கும். எறணாகுளம் பக்கத்துலருந்து ஊட்டிக்கு ஸ்கூல் பிள்ளைங்கள ஏத்திட்டு வந்த டூரிஸ்ட் பஸ் ராத்திரியில கவர்மென்ட் பஸ்ஸுக்கு பின்னாடி மோதி 9 பேர் போயிட்டாங்க, அதுல 5 பேர் பிள்ளைங்க, ஒருத்தர் டீச்சர். பஸ் 97 கிலோமீட்டர் வேகத்துல போயிருக்கு. அந்த டிரைவர் வேளாங்கண்ணி ட்ரிப் முடிச்ச கையோட வந்தவர்னு பெத்தவங்க அப்பவே சொன்னாங்க. ராத்திரியில டூர் பயணம் வேணாம்னு அங்க அதுக்கு முன்னாடியே உத்தரவு இருந்தது, காகிதத்துல. அதனால என் கணக்கு ஒண்ணுதான், சின்ன பிள்ளைங்க டூர்னா விடிஞ்சு கிளம்பி விளக்கு வெக்கிறதுக்குள்ள வீடு வந்துடணும். அதுக்குள்ள முடியாத எடம் அந்த வயசுக்கு தூரமான எடம்.

பஸ் நம்பர முன்னாடியே கேட்டு வாங்குங்க. மஞ்சள் போர்டுல கறுப்பு எழுத்துன்னா வாடகைக்கு ஓட்டற வண்டி, வெள்ளை போர்டுன்னா சொந்த உபயோக வண்டி, அது வேனா இருந்தாலும் சரி கரஸ்பாண்டென்ட் சொந்தக்கார் வண்டியா இருந்தாலும் சரி, அதுல காசு வாங்கிட்டு பிள்ளைங்கள ஏத்தினா ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கம்பெனி எங்க பொறுப்பு இல்லன்னு கோர்ட்டுல நிக்கும், நீங்க வருஷக்கணக்கா அலையணும். நம்பர் கிடைச்சதும் எம்பரிவாகன் ஆப்ல போடுங்க, எஃப்சி தேதி, இன்சூரன்ஸ் தேதி எல்லாம் வரும். எஃப்சின்னா வண்டி ரோட்டுல ஓடத் தகுதியா இருக்குன்னு ஆர்டிஓ குடுக்கிற சர்டிஃபிகேட். தேதி தாண்டியிருந்தா வேற பேச்சே வேணாம். ஸ்கூலுக்கு இது ரெண்டு நிமிஷ வேலை, ஆனா நீங்க கேட்டாதான் செய்வாங்க.

எனக்கு கோவம் வர்ற எடம் இதுதான். 2012ல தாம்பரம் பக்கத்துல ரெண்டாவது படிச்ச பொண்ணு ஸ்கூல் பஸ் தரையில இருந்த ஓட்டை வழியா விழுந்து இறந்ததுக்கு அப்புறம் தமிழ்நாட்டுல ஸ்கூல் பஸ்ஸுக்குன்னே தனி விதி போட்டாங்க. வருஷா வருஷம் மே மாசம் மைதானத்துல வரிசையா நிறுத்தி ஆபீசருங்க ஏறி இறங்கி பாக்கறாங்க, பேப்பர்ல போட்டோ வருது. எல்லாம் மஞ்சள் பஸ்ஸுக்கு மட்டும்தான். அதே பிள்ளைங்கள வருஷத்துல ஒரு நாள், அதுவும் ராத்திரியில, அதுவும் 130 கிலோமீட்டர் ஏத்திட்டு போற டூரிஸ்ட் பஸ்ஸ அந்த மாதிரி யாரு ஏறி பாக்கறாங்க? கல்வித்துறை அனுமதிக் கடிதம் வாங்கணும்னா ஃபைல் மேசை மேசையா நகரும், நான் கிராமத்துலருந்து மூணு தடவ பஸ் ஏறிப் போயி வாங்கியிருக்கேன், அந்த மூணு தடவையும் பஸ் நம்பர் என்னன்னு ஒருத்தரும் கேக்கல. எத்தன பிள்ளை, எத்தன டீச்சர், கையெழுத்து, சீல். இப்படி இழுத்தடிச்சா ஸ்கூல்காரங்க அனுமதியே வாங்காமத்தான் போவாங்க. உங்க ஸ்கூல்ல அந்த கடிதம் இருக்கான்னு கேளுங்க, காட்டச் சொல்லுங்க.

அப்ப ஸ்கூலோட சொந்த மஞ்சள் பஸ்ல போனா பிரச்சனை இல்லையேன்னு நீங்க திருப்பி கேக்கலாம். இல்லதான், ஸ்கூல் வேலைக்கு ஸ்கூல் பிள்ளைங்கள ஏத்திட்டு போக அந்த பஸ்ஸுக்கு உரிமை இருக்கு. ஆனா விழுப்புரம்காரங்களுக்கு மட்டும் ஒரு சங்கதி இருக்கு, பாண்டிச்சேரி. நமக்கு அது பக்கத்து ஊரு, துணி எடுக்க போறோம், ஆஸ்பத்திரிக்கு போறோம், வேற மாநிலம்ங்கிற நினைப்பே வராது. ஸ்கூல் பஸ்ஸுக்கு அது வேற அரசாங்கம். பெர்மிட்ல எந்த எல்லைக்குள்ள ஓடலாம்னு எழுதியிருக்கும், அத தாண்டினா ஆர்டிஓ ஆபீஸ்ல தற்காலிக பெர்மிட் வாங்கணும், அந்த பக்கத்து வரியும் கட்டணும். இந்த எல்லை கோடு போட்ட மாதிரி நேராவும் இருக்காது. மெயின் ரோட்டுல போனா மதகடிப்பட்டுலயே பாண்டிச்சேரி வந்துடும். ஆரோவில் பாண்டிச்சேரின்னு எல்லாரும் நினைக்கிறாங்க, பெரும்பகுதி நம்ம வானூர் தாலுகாதான், ஆனா அங்கருந்து அப்படியே பீச்ச காட்டிட்டு வந்துடலாம்னு பஸ்ஸ திருப்பினீங்கன்னா எல்லை தாண்டியாச்சு. ஊசுட்டேரியும் அப்படித்தான், ரெண்டு பக்கமும் கிடக்கு. பத்து நிமிஷம்தானேன்னு போற எடத்துல ஏதாவது ஆச்சுன்னா பெர்மிட் இல்லாத எடத்துல வண்டி ஓடுச்சுன்னு இன்சூரன்ஸ்காரன் அதையே பிடிச்சுக்குவான். அதனால மஞ்சள் பஸ்ஸா இருந்தாலும் பாண்டிச்சேரின்னு ப்ளான்ல இருந்தா பெர்மிட் பேப்பர கேளுங்க, ஆரோவில்னு இருந்தா எந்த ரூட்டுன்னு கேளுங்க.

அந்த ஃபார்முக்கு வர்றேன். பள்ளி பொறுப்பில்லன்னு நீங்க கையெழுத்து போட்டாலும் ஸ்கூலோட பொறுப்பு போயிடாது, பிள்ளைய கையில வாங்கினவங்க அஜாக்கிரதையா இருந்தா அவங்கதான் பதில் சொல்லணும். 1995ல பியாஸ் ஆத்தங்கரைக்கு பிக்னிக் கூட்டிட்டுப் போன ஒரு ஸ்கூலோட பிள்ளைங்க 14 பேர் ஆத்துல போயிட்டாங்க, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வந்து 2001ல ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் நஷ்ட ஈடு உறுதியாச்சு. அதனால அந்த வரிய பாத்து பயப்படாதீங்க, பேனாவால அடிச்சுட்டு, பஸ் நம்பர், கிளம்பற நேரம், திரும்பற நேரம், பொறுப்பு டீச்சர் போன் நம்பர் எல்லாம் எழுதி கையெழுத்து போட்டு உங்க போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. டூருக்கு வரலன்னா ஆப்சென்ட், ப்ராஜெக்ட் மார்க் போயிடும்னு சொன்னா மூணாவது படிக்கிற பிள்ளைக்கு எந்த மார்க்குன்னு அமைதியா கேளுங்க.

தண்ணி விளையாட்டு பத்தி நான் கொஞ்சம் கடுமையாத்தான் பேசுவேன், மன்னிக்கணும். 2007ல கேரளாவுல தட்டேக்காட்டுல படகு கவிழ்ந்து 15 பிள்ளைங்க 3 டீச்சருங்க, 2024 ஜனவரியில குஜராத்துல வதோதரா ஹர்ணி ஏரியில அதே மாதிரி 12 பிள்ளைங்க 2 டீச்சருங்க இறந்து போனாங்க, ரெண்டுமே ஸ்கூல் டூர், ரெண்டுலயும் ஏத்தக் கூடாத அளவுக்கு ஆள் ஏத்தியிருந்தாங்க. 2023ல கரூர் பக்கம் மாயனூர்ல காவிரியில நாலு பொண்ணுங்க மூழ்கிப் போனாங்க, விளையாட்டுப் போட்டிக்கு போன எடத்துல. ஒரு டீச்சரால தரையில 10 பிள்ளைய பாத்துக்க முடியும், தண்ணிக்குள்ள முடியாது. ஈர டிரெஸ்ல எல்லா பிள்ளையும் ஒரே மாதிரி இருக்கும், தலை எண்ணவே முடியாது, யூனிஃபார்ம் வேற கழட்டியிருக்கும். நீச்சல் தெரியாத எட்டு வயசுப் பிள்ளைங்கள 80 பேர கூட்டிட்டுப் போயி குளத்துல விடறதுக்கு கல்வின்னு பேர் வெக்காதீங்க. பார்க்குக்கு நீங்க குடும்பமா ஒரு ஞாயித்துக்கிழமை போங்க, கைய பிடிச்சுக்கிட்டு.

பாப்பா அழுவான்னு எழுதியிருக்கீங்க, அதான் உங்க உண்மையான கவலைன்னு தெரியுது. தனியா போயி கேக்காதீங்க, வகுப்புல நாலஞ்சு அம்மாங்களா சேர்ந்து போங்க, டூர் வேணாம்னு பேசாதீங்க, எடத்த மாத்துங்கன்னு பேசுங்க. எடமா இல்ல நம்ம ஊர்ல! செஞ்சி ரோட்டுல 20 கிலோமீட்டர் பக்கம் மண்டகப்பட்டு இருக்கு, செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம கோயில் பண்ணேன்னு மகேந்திரவர்மன் கல்லுல எழுதி வெச்ச குகை. நான் பிள்ளைங்கள வெளியவே உக்கார வெச்சு உங்க வீடு எதுல கட்டினதுன்னு கேப்பேன், செங்கல், சிமென்ட், கம்பின்னு ஆளாளுக்கு கத்தும், அது எதுவுமே இல்லாம ஒருத்தர் கட்டியிருக்கார், உள்ள வாங்கன்னு கூட்டிட்டுப் போவேன், தூண தொட்டு தொட்டு பாக்கும். திருவக்கரையில கல்லா மாறின மரம் கிடக்கு, ரெண்டு கோடி வருஷத்துக்கு முந்தினது, ஒரு துண்டு கூட எடுத்து பாக்கெட்ல போடக் கூடாதுன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடணும். செஞ்சிக் கோட்டை 2025ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்திருக்கு, 15 வயசுக்கு கீழ டிக்கெட்டே கிடையாது, ராஜகிரி மேல ஏற வேணாம், கீழ களஞ்சியமும் கல்யாண மகாலும் போதும், சாப்பாட்டுப் பைய மட்டும் குரங்குகிட்டருந்து காப்பாத்துங்க. இது எதுவும் வேணாம்னா விழுப்புரம் ஜங்ஷனுக்கே போகலாம், சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, பாண்டிச்சேரின்னு அஞ்சு பக்கம் தண்டவாளம் பிரியுது, ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட முன்னாடியே லெட்டர் குடுத்துட்டு போங்க.

எங்க போனாலும் ஐடி கார்டு பின்பக்கம் உங்க நம்பரும் அப்பா நம்பரும் எழுதுங்க, பேர கழுத்துல பெருசா தொங்க விடாதீங்க, பேர் தெரிஞ்சா யாரு கூப்பிட்டாலும் இந்த வயசுல போயிடும். பஸ்ல வாந்தி எடுக்கிற பிள்ளைன்னா நடு சீட்டு கேட்டு வாங்குங்க, வெறும் வயித்தோட அனுப்பாதீங்க.

நாளைக்கு ஸ்கூலுக்கு போனதும் முதல்ல அந்த செவ்வாய்க்கிழமை விஷயத்த கேளுங்க. அவங்க என்ன பதில் சொல்றாங்கன்னு பாத்துட்டு எனக்கு எழுதுங்கம்மா, மீதிய அதுக்கப்புறம் பேசிக்கலாம்.