முக்கோணவியல் வரவில்லை என்றால் நிரலாக்கமும் வராதா?

கேள்வி: கல்லூரியில் முக்கோணவியலில் திணறுகிறேன். முற்றொருமைகளை மனப்பாடம் செய்தாலும் தேர்வறையில் எல்லாம் குழம்பிவிடுகின்றன. நிரல் எழுதுவது மட்டும் பிடித்திருக்கிறது. கணினிப் பட்டப்படிப்பில் சேரலாமா?

பதில்: சேரலாம். ஆனால் வேலை வேறு, பட்டம் வேறு. இணையதளம், கணக்கு மென்பொருள், தரவுத்தளம் என்று வேலை செய்பவர்கள் சைன், கொசைனைத் தொடாமலே ஆண்டுகளை ஓட்டுகிறார்கள். விளையாட்டு, ரோபோ, ஒலி என்று போனால் அவை அன்றாடச் சோறு. பட்டத்துக்கு வந்தால், கணினி அறிவியலில் பெரும்பாலும் நுண்கணிதம் உண்டு; அங்கே சைனும் கொசைனும் மறுபடி வந்து நிற்கும். அதைத் தாண்டிவிட்டால் தர்க்கம், கணங்கள், வரைபடக் கோட்பாடு (புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றியது), நிகழ்தகவு ஆகியவற்றுக்கே எடை அதிகம். நிரல் எழுதப் பிடித்தவர்களுக்கு இவை பெரும்பாலும் ஒத்துப்போகும். தகவல் அமைப்புகள் போன்ற பட்டங்களில் கணிதம் பொதுவாகக் குறைவு. எதில் சேர்ந்தாலும் பாடத்திட்டத்தை வாங்கி, கணிதத் தாள்கள் எத்தனை என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

இனி உங்கள் திணறலுக்கு வருவோம். என்னிடம் வருபவர்களில் பலருக்குச் சிக்கல் முக்கோணவியலில் இருப்பதில்லை. அதற்கு அடியில் இருக்கும் இயற்கணிதத்தில் இருக்கிறது. சைன் 2x என்பதை 2 சைன் x என்று எழுதுபவர், சைனை ஓர் எண்ணாக நினைத்துப் பெருக்குகிறார். x-க்கு 30 பாகை போட்டுப் பாருங்கள். சைன் 60 என்பது 0.866, 2 சைன் 30 என்பது 1. சைன் ஒரு சார்பு, நீங்கள் நிரலில் எழுதும் சார்பைப் போன்றதே. உள்ளே போகும் எண்ணை இரட்டித்தால் வெளியே வருவதும் இரட்டிக்கும் என்று அங்கே எதிர்பார்ப்பீர்களா?

மனப்பாடத்தையும் குறைத்துவிடுங்கள். சைன் வர்க்கமும் கொசைன் வர்க்கமும் கூடினால் 1. இது பிதாகரஸ் தேற்றமேதான். இதை கொசைன் வர்க்கத்தால் வகுத்தால் டேன், சீகென்ட் வாய்பாடு தானாக வந்துவிடும். A, B என்ற இரு கோணங்களின் கூட்டல் வாய்பாடுகள் இரண்டையும் மனத்தில் வைத்து, A-யும் B-யும் ஒன்றே என்று போட்டால் இரட்டைக் கோண வாய்பாடும் கிடைத்துவிடும்.

பிடித்த வேலையைக் கொண்டே பிடிக்காததைப் படிப்பது இன்னும் நல்லது. திரையில் ஒரு புள்ளியை வட்டமாகச் சுற்றவைக்கும் சிறு நிரலை எழுதுங்கள். மையம் (200, 200), ஆரம் 100 என்றால், x = 200 + 100 கொசைன் θ, y = 200 + 100 சைன் θ. கோணம் 30 பாகை ஆகும்போது புள்ளி (286.6, 250)-இல் இருக்கும். திரையில் y கீழ்நோக்கி வளர்வதால், புத்தகத்தில் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும் புள்ளி இங்கே கடிகார முள்ளைப் போலச் சுற்றும். ஏன் என்று தாளில் வரைந்து பாருங்கள்; ஆரம் 1 கொண்ட அலகு வட்டம் அதற்குப் பிறகு மறக்காது. ஓர் எச்சரிக்கை: பெரும்பாலான நிரல் மொழிகள் கோணத்தைப் பாகையில் அல்ல, ரேடியன் என்ற வேறு அலகில்தான் கேட்கும். 90 பாகை என்று நினைத்து சைனுக்கு 90 கொடுத்தால், 1 வர வேண்டிய இடத்தில் 0.894 வரும். இதே தவறைச் செய்துவிட்டு ஒரு மாலை முழுவதும் கணினியைத் திட்டியவன் நான்.

பட்டத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன், கடைசித் தேர்வின் விடைத்தாளை எடுத்து ஒவ்வொரு தவறுக்குப் பக்கத்திலும் அது இயற்கணிதமா, முக்கோணவியலா என்று எழுதுங்கள். முதல் வகையே அதிகம் என்றால் பின்னங்களையும் காரணிப்படுத்தலையும் இந்த மாதமே தூசு தட்டுங்கள்.